பெரியவன் போட்ட கையெழுத்து

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். சின்னவள் விடுதியில் தங்கி பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கணவன் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. கல்லூரி கொடுத்த உதவித்தொகை படிப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டது. விடுதிச் செலவு வீட்டின் தலையில்.

அந்த வருஷம் உதவித்தொகையைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கு, அதாவது பெரியவனுக்கு, நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாம்.

"மேல்முறையீடு பண்ணலாம்மா. நீயும் வரணும், நேர்ல கேப்பாங்களாம்" என்று சின்னவள் போனில் சொன்னாள்.

அங்கே என்ன கேட்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும்.

வேலைக்குப் போன நாள் முதல் பெரியவன் வீட்டுக்கு எதுவும் தந்ததில்லை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. முதலில் ஒரு பைக் வாங்கினான். பிறகு அந்த பைக்குக்கு, கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல, ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டினான். கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பான். அம்மா இரட்டை ஷிப்ட் பார்த்து விடுதிக்குக் கட்டினாள். மகளிடம் "அண்ணன் குடுத்தான்டி" என்று சொல்லிவைத்தாள். பிள்ளைகள் ஒட்டுதலாக இருக்கட்டுமே என்ற ஆசைதான். சின்னவள் ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்புவாள். அவனும் பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்றைத் தட்டிவிடுவான்.

உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க பையன் வீட்டுக்கு ஏதாவது தர்றாரா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "என் ஹாஸ்டல் செலவு முழுக்க அண்ணன்தான் பாத்துக்கறார் மேடம்." குரலில் அவ்வளவு பெருமை.

"அப்ப குறைச்சது சரிதானேம்மா?" அதிகாரியம்மா பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க" என்றாள் அம்மா. "அவன் ஒண்ணும் தர்றதில்ல. சல்லிக்காசு தந்ததில்ல. நான்தான் ரெண்டு ஷிப்ட் பாத்துக் கட்டறேன்."

சின்னவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசை விளிம்பைப் பார்த்தாள். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, அம்மாவின் சம்பளச் சீட்டுகளோடு, இதுவரை எதுவும் தரவில்லை என்று மகனே கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் வேண்டும் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் சின்னவள் கேட்டாள்.

"நீ பொய் சொன்னதுகூடப் பரவாயில்லம்மா. நான் அத்தனை தடவை தேங்க்ஸ் சொன்னேனே, அதை எப்படிம்மா அவன் வாங்கிக்கிட்டான்?"

அம்மா கையிலிருந்த பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்தாள்.

சாயங்காலம் பெரியவன் கையிலிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு வந்து, சின்னவள் எழுதிவைத்திருந்த கடிதத்தைப் படித்தான். முகம் கறுத்துப்போயிற்று.

"இதுல கையெழுத்துப் போட்டா என்னை என்ன மனுஷன்னு நினைப்பாங்க?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்கு" என்றாள் சின்னவள்.

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னான்:

"இது வேணாம்மா. கிழிச்சுப் போட்டுடு. குறைஞ்ச பாதியை நான் கட்டறேன். மாசா மாசம் கட்டறேன். சத்தியமா."

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் மனசாரத்தான் சொல்கிறான் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. 'அடுத்த மாசம்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும்கூட அவன் மனசாரத்தான் சொன்னான். ஒரு தவணை தவறினால் சின்னவள் படிப்பு அந்தரத்தில் நின்றுவிடும்.

அம்மா பேனாவை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"என்னை நம்பலையா நீ?"

"போட்டுடுப்பா" என்றாள்.

அவன் போட்டான். பேனா காகிதத்தைக் கிழித்துவிடுமோ என்றிருந்தது.

மேல்முறையீடு ஜெயித்தது. முழுசாக இல்லாவிட்டாலும், வெட்டியதில் பெரும்பகுதி திரும்ப வந்தது. துண்டு விழுந்ததை இன்னும் கொஞ்சம் கூடுதல் ஷிப்ட் பார்த்து அம்மா சரிக்கட்டினாள். பெரியவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிமணியை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் பக்கத்தில் நண்பர்கள் அறைக்குப் போய்விட்டான். சண்டை ஏதும் போடவில்லை. "வேலைக்குக் கிட்டம்மா, அவ்வளவுதான்" என்றான். வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். பணப்பேச்சை அவனும் எடுப்பதில்லை, அவளும் எடுப்பதில்லை.

விடுமுறைக்கு வந்த சின்னவளிடம் அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அன்னிக்கு விட்டிருந்தா கட்டியிருப்பானோடி?"

"கட்டியிருக்க மாட்டான்மா" என்றாள் சின்னவள், யோசிக்காமல்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மகள் அதைச் சொல்லிக் கேட்டபோது, ஏனோ அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.