கடைசி விக்கெட்டை எடுக்காத ஹெஸ்கெத்

ஹெஸ்கெத் லைபர்ட் பந்து வீச ஓடி வந்தால், நீவிஸ் தீவில் அவன் பிறந்த லாங்ஹால் குடாவில் கடல் பின்வாங்கும்; அவன் சும்மா நின்றால் திரும்பி வரும். வெஸ்ட் இண்டீஸ் அணிக்குப் போய் அவன் மெல்போர்னிலும் லாகூரிலும் ஓடிய காலத்திலும் இதில் மாற்றமில்லை. பேர்பெற்ற மட்டையாளர்கள் அவனுக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார்கள். ஊரில் பெண்கள் ரேடியோவில் அவன் பெயர் கேட்டதும் கூடையோடு இறங்கிச் சங்கு பொறுக்கினார்கள். படகு தரைதட்டிய மீனவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே ஸ்கோர் கேட்டார்கள். இப்படியே பதினோரு வருடம் போனது.

முட்டி தேய்ந்த பிறகு, இங்கிலாந்தில் ஓர் ஆகஸ்ட் மாதம் அவனுடைய கடைசி டெஸ்ட். தொடரை வெல்ல ஒரே ஒரு விக்கெட் பாக்கி. தேநீர் இடைவேளையில் அக்கா எனிட் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். புயலில் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

“ஹெஸ், தண்ணி சர்ச் படி ஏறிருச்சு. ஊரே உள்ளதான் இருக்கு. ஆட்டத்த முடிச்சுறாதடா.”

மற்றவர்கள் தேநீர் குடிக்க, அவன் மைதானத்தில் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான். ஆட்டம் தொடங்கியதும் எல்லைக்கோட்டிலிருந்தே ஓடி வந்தான். எதிரே நின்ற கடைசி ஆட்டக்காரனுக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. அவனை அவுட் ஆக்காமல் வீசுவது சாதாரண வேலையல்ல. ஹெஸ்கெத் ஒவ்வொரு பந்தையும் அவன் மட்டையைத் தேடிப் போய்ப் படும்படி போட்டான். என்னைக் கேட்டால், அதைவிடச் சிறந்த பந்துவீச்சை உலகம் பார்த்ததில்லை. எதிர்முனையில் சுழற்பந்து வீசிய நண்பனிடம் ஸ்டம்புப் பக்கமே போகாதே, உன் ஓவரைச் சட்டென்று முடி என்று கெஞ்சினான். நண்பனும் அப்படியே வீசினான்.

“ஒரே ஒரு விக்கெட்டுடா, ஹெஸ்,” என்றார் கேப்டன்.

“இன்னிக்கு முடியாது, கேப்டன்.”

ஆட்டம் டிராவாகி, தொடர் கைவிட்டுப் போனது. கூட்டம் கூச்சலிட்டது. மட்டை பிடிக்கத் தெரியாதவனைக்கூட அவுட்டாக்க முடியாதவன் என்று பத்திரிகைகள் எழுதின. அதன்பின் அவனை யாரும் அணிக்குக் கூப்பிடவில்லை.

அவன் ஊர் திரும்பிய அன்று, அவன் ஓடாமலேயே கடல் விலகிக்கொண்டதால் ஃபெர்ரி குடா நடுவிலேயே நின்றுவிட்டது. இந்த ஆளை ஏற்றினால் இதுதான் தொல்லை என்று படகோட்டி முணுமுணுக்க, பயணிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டி நடந்தவன் பின்னால் போனார்கள். எனிட் சர்ச் படியில் காத்திருந்தாள்.

“எல்லாரும் இருக்காங்களாக்கா?”

“எல்லாரும் இருக்காங்க. லூயி வீட்டு ஆடுகூட இருக்கு.”

அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். அழுது முடிக்கும்வரை கடல் ஒதுங்கி நின்றது. பிறகு தண்ணீர் வந்தது, ஃபெர்ரி கரை சேர்ந்தது, அவரவர் மூட்டையை இறக்கிக்கொண்டார்கள்.