பென்சைல்தானே?

எங்கள் வேலையை ஒரு வரியில் சொன்னால், சமையல். அமீன், ஆல்டிஹைடு, அமிலம், ஐசோசயனைடு, நாலையும் ஒரே குடுவையில் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே மூலக்கூறாகிவிடும். மற்ற மூன்றையும் எப்படியோ சகித்துக்கொள்ளலாம். ஐசோசயனைடு நாறும். எதைப்போல என்று கேட்காதீர்கள். ஒப்பிட்ட பொருளை அப்புறம் சாப்பிட முடியாது.

ஃப்ளோரன்ஸில் எங்கள் ஆய்வகத்தில் அதைக் கையாண்டவர்கள் நானும் லாவினியாவும் மட்டும்தான். கேன்டீனில் எங்களுக்கு வாசலுக்கு வெளியே தனி மேசை. டிராமில் எங்களைச் சுற்றி எப்போதும் தாராளமாக இடம். அமிலம் பட்டால் அந்த நாற்றம் செத்துப்போகும் என்பதால் சனிக்கிழமைகளில் அவள் தலையை நான் வினிகர் ஊற்றி அலசுவேன், என் தலையை அவள். வேறு யாரும் கிட்ட வராததால்தான் இதுகள் இரண்டும் காதலிக்கின்றன என்று பக்கத்து மேசை டூச்சோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் மறுக்கவில்லை. என் மூஞ்சிக்கு அதைவிட நல்ல விளக்கம் அகப்படாது.

போன வருஷம் லாவினியாவுக்குப் பொலோன்யாவில் ஒரு காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காகிதம் நாறாது. முதலில் வாராவாரம் வந்தாள். அப்புறம் வேலை அதிகம் என்றாள். அப்புறம் ஃபோன் மட்டும்.

இந்த மாதம் எங்கள் ஆய்வகத்தில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி எரிந்துபோயிற்று. பேராசிரியர் ஐசோசயனைடு அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, சோப்பு மணக்க, மனிதனைப்போல நடமாடினேன். இதை ஃபோனில் அவளிடம் சொன்னேன், மறுபடியும் சொன்னேன். ம்ம் என்றாள்.

ஆய்வகத்தை விட்டுவிட்டுப் பொலோன்யாவுக்கே வந்து அவளோடு இருந்துவிடலாமா என்று கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். டூச்சோவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"ஃபோன்லயே கேளு மாப்ள," என்றான். "நேர்ல போனா உன் மூஞ்சியும் சேர்ந்துல்ல போகும்."

லாவினியா சூப்பில் தொர்த்தெல்லீனி, அந்த ஊர் குட்டி இறைச்சிக் கொழுக்கட்டை, போட்டு வைத்திருந்தாள். நான் கொண்டுபோன ரொட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். அலுவலகம், மேலதிகாரி, மாடிவீட்டு நாய் என்று நிறையப் பேசினாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் சமையலில் ஒரு விதி உண்டு. அமீனும் ஆல்டிஹைடும் முதலில் கூடிக்கொள்ளப் பொறுமையாக நேரம் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஊற்றினால், அமீனை வெளியே நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் சேர்ந்து வேறொன்றாகிவிடும். இந்தத் தப்புக்காக மாணவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன் நான். சூப் ஆறுவதற்குள் கேட்டுவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெவியோ, கோச்சுக்காதடா. அந்த நாத்தத்த என்னால இனிமே தாங்க முடியாது."

"எந்த நாத்தம்?"

"உன் மேல வர்றது. கோட்டுல, முடியில. அங்க இருந்தப்ப தெரியல. இப்ப நீ உள்ள வந்ததுமே தலை வலிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"நான்தான் அந்த வேலையையே விடறேனே."

"விட்டாலும் போகாதுடா. உனக்குள்ளயே ஏறிப்போச்சு."

விசிறி எரிந்த கதை மூன்றாம் முறையாக நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் வேறு காரணம் தேடவேண்டியிருக்கும். அடுத்து வருவது உண்மையான காரணமாக இருந்துவிட்டால்? இருப்பதிலேயே எனக்கு வலிக்காததைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். அதைப் போய்த் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. வாயில் ஒரு தொர்த்தெல்லீனியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

நான் பேசாமல் இருந்தது அவளுக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும். நாற்றத்தை வைத்தே எந்த ஐசோசயனைடு என்று பெயர் சொல்லிவிடுவாள் அவள். ஆய்வகத்தில் ஒருநாளும் தப்பியதில்லை. இப்போது மேசைமேல் சாய்ந்து, என் தோளருகே மூச்சை இழுத்தாள்.

"நேத்து எதைத் திறந்தே? பென்சைல்தானே?"

சலவையிலிருந்து வந்த சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பென்சைல்தான்," என்றேன். "சட்டைக்கையில கொட்டிடுச்சு."

"சொன்னேன்ல," என்றாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை எந்த அமிலத்தாலும் என்னால் கழுவமுடியாது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே வந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மிச்ச சூப்பையும் குடித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

கதவுவரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர் வழக்கப்படி என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவசரமே படவில்லை. கழுத்தருகே சிறிது நேரம் முகத்தை வைத்திருந்தாள், சீராக, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டு.