இருபத்தைந்து டிகிரிப் பால்

எங்கள் வீட்டில் டிகிரி என்ற சொல்லுக்குக் குறைவே கிடையாது. வாசல் பலகையில் இவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று எழுதியிருக்கும், அது ஒரு டிகிரி. குழந்தைக்கு உடம்பு சுட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசக் கூடாது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று இவர் சொல்ல வேண்டும், அதுவும் டிகிரி. சித்திரை மாதத்தில் ஆபீசிலிருந்து வந்தால், "இன்னிக்கு நூத்தி நாலு டிகிரி" என்று அறிவித்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார். இவர் சொல்லாவிட்டால் எனக்கு வியர்க்காது என்று நினைப்போ என்னவோ.

முப்பத்தாறாம் வருஷம் மார்கழியில் பாலுக்கும் டிகிரி வந்து சேர்ந்தது.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் மூலம் இவர் ஒரு லாக்டோமீட்டர் வரவழைத்திருந்தார். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய். கீழே குண்டு, மேலே நீளமான கழுத்து, கழுத்தில் எண்கள். பாலில் மிதக்கவிட்டால் எந்த எண்வரை முங்குகிறதோ அதுதான் அந்தப் பாலின் டிகிரி. இருபத்தெட்டும் அதற்கு மேலும் நல்ல பால். தண்ணீர் சேர்ந்தால் குழாய் அதிகமாக முங்கும், எண் குறையும்.

"இனிமே யாரும் நம்மை ஏமாத்த முடியாது, சாவித்ரி" என்றார்.

"இப்போ யார் ஏமாத்தறா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

மேலமாசி வீதிக்குப் பின்னால் எங்கள் சந்தில் எங்களுக்கும் மற்ற ஏழு வீட்டுக்கும் ஒச்சம்மாள்தான் பால். செல்லூரிலிருந்து சாம்பல் நிற மயிலைப் பசுவை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வருவாள். ஒவ்வொரு வாசலிலும் பசுவை நிறுத்தி, கறக்கும் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். அடியில் தண்ணீர் இல்லை என்று வீட்டுக்காரி கண்ணால் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் மடியில் கை வைப்பாள். ஆறு வருஷமாக அப்படித்தான்.

மறுநாள் காலை செம்பைக் கவிழ்த்தாள், நான் தலையாட்டினேன், கறந்தாள். நுரை அடங்குவதற்குள் இவர் குழாயை இறக்கினார். சர்ரென்று முங்கியது.

"இருபத்தஞ்சு! ஒச்சம்மா, பால்ல தண்ணி."

அவள் சிரித்தாள். "விளையாடாதீங்க சாமி. ஒங்க கண்ணு முன்னாடிதானே கறந்தேன்."

"என் கண்ணை நம்பச் சொல்றியா, இதை நம்பச் சொல்றியா?"

"இம்புட்டுக் கண்ணாடிக்கு என் மாட்டைப் பத்தி என்ன சாமி தெரியும்?"

சிரிப்பு அன்றோடு சரி. மறுநாள் அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கறக்க வேண்டும் என்றார். இருபத்தைந்து. அதற்கடுத்த நாள் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். செம்பு எங்களுடையது, நான் துடைத்துக் கொடுத்தது. அப்போதும் இருபத்தைந்து. எதிர்வீட்டு விஜயம் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். "முந்தானையில பஞ்சு வச்சு நனைச்சுண்டு வருவாளாம்டி, பிழிஞ்சு விடுவாளாம்" என்று என் காதில் ஓதினாள்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவள் விரலைப் பார்த்தேன், வளையலைப் பார்த்தேன், மடியைத் துடைக்கும் துணியைப் பார்த்தேன். மாட்டுக்கே ஏதாவது குடிக்கக் கொடுத்து ஓட்டி வருகிறாளோ என்றுகூட நினைத்தேன். பார்க்கப் பார்க்க அவள் செய்வதெல்லாம் திருட்டுத்தனமாகத் தெரிந்தது. குனிந்தால் எதையோ மறைக்கிறாள், நிமிர்ந்தால் யாரையோ பார்க்கிறாள். ஆறு வருஷம் இதே பாலில் ஆடை எடுத்து வெண்ணெய் உருட்டியவள் நான்; அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை இவர் குழாயும் கையுமாக அவள் பின்னாலேயே ஏழு வீட்டுக்கும் போனார். ஏழிலும் தண்ணீர் என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசியாக எங்கள் வாசலில் கறந்ததும் இருபத்தைந்து.

"நாளையிலேருந்து இந்தச் சந்துக்கு வராதே" என்றார் ஒச்சம்மாளிடம்.

அவள் சத்தம் போடவில்லை. "ஏழு வீடும் போச்சுன்னா ஆத்துக்கு இந்தப் பக்கம் எவ வாசல்லயும் நான் நிக்க முடியாது சாமி. தண்ணிக்காரின்னுதான் சொல்லுவாக. மாடு வாங்கலாம், பேரை எங்கிட்டுப் போயி வாங்குறது?"

"அதைத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அன்றைய பாலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "கறந்த பாலைத் திருப்பிக் கொண்டு போற வழக்கம் எங்களுக்குக் கெடையாது. பிள்ளைக்குக் குடுங்க" என்று எங்கள் செம்பைப் படியில் வைத்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சண்டைப் பாலைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்க மனசு வரவில்லை. கீழே கொட்டவும் மனசு வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய அண்டாவுக்குள் செம்பை இறக்கி, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடி வைத்தேன். குழந்தைக்கு அன்றைக்கு விஜயம் வீட்டுப் பவுடர் பால்.

பத்து மணிக்கு வேலையெல்லாம் ஓய்ந்தபோது அலமாரியில் அந்தக் குழாய் கண்ணில் பட்டது. அண்டாவிலிருந்து செம்பை எடுத்து, எவ்வளவு தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறாள் என்று நானும் பார்த்தேன். குழாய் முங்கவில்லை. இருபத்தெட்டில் நின்றது.

எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். இருபத்தெட்டு. பாலில் ஊற்றின தண்ணீர் நாலு மணி நேரத்தில் எங்கே போகும்? திரும்பி எழுந்து வாசலுக்கா நடந்து போகும்?

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு இவர் வந்தார். சாப்பிட்டு முடித்ததும் செம்பை முன்னால் வைத்தேன்.

"வேற ஒருத்தர் பால். பாருங்கோ."

விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இருபத்தெட்டு! பாத்தியா, இதுதான் பால். யார் கிட்ட வாங்கினே?"

"ஒச்சம்மா கிட்ட. காலம்பற நீங்க இருபத்தஞ்சுன்னு சொன்ன அதே செம்பு."

இவர் பாலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ என்னத்தைக் கலந்தே?"

"நானா?"

"சர்க்கரை போட்டா ஏறும். அவளுக்குப் பரிஞ்சுண்டு ஏதாவது பண்ணினியா?"

இத்தனை நாள் ஒச்சம்மாள் எப்படி நின்றாள் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. "முந்தானையை உதறிக் காட்டட்டுமா?" என்றேன்.

இவர் எழுந்து போனார். குழாய் வந்த அட்டைப்பெட்டியைத் தலைகீழாகத் தட்டினார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மடித்த காகிதம் விழுந்தது. பொடி எழுத்து, இங்கிலீஷ். வாய்க்குள்ளேயே படித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன போட்டிருக்கு?"

"அறுபது டிகிரியில... பால் அறுபது டிகிரி சூட்டுல ஆறி இருக்கறபோதுதான் பாக்கணுமாம். கறந்த சூட்டோட பாத்தா குறைச்சலாத்தான் காட்டுமாம்."

"மடியிலேருந்து வர பால் எத்தனை டிகிரி?"

"நூறு இருக்கும்" என்றார். குழந்தைக்கு எத்தனை தடவை தெர்மாமீட்டர் வைத்த மனுஷன்!

சாயங்காலமே ஒச்சம்மாளைத் தேடிப் போனோம். காஜிமார் தெருவில் மைதீன் பீவி என்ற அம்மாள் வீட்டில்தான் அவள் கடைசியாகக் கறப்பாள். இவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒச்சம்மாள் காது கொடுத்துக் கேட்டாள்.

மைதீன் பீவிதான் வாசற்படியிலிருந்து பேசினாள். "அந்தக் கண்ணாடிக்குக் காச்சல் வந்தா அதுக்கு யாரு டிகிரி பாக்குறது, ஒச்சம்மா?"

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. "சாமி முனையில நிக்குறாகளே, அவுக எத்தன வீட்டுல தண்ணின்னு சொன்னாக?"

"ஏழு."

"அந்த ஏழு வீட்டுலயும் அந்த வாயாலயே இல்லைன்னு சொல்லட்டும். பெறகு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் வீட்டுக்குள் உலாத்தினார். "அடுத்த வாரம் பொறுமையாச் சொல்லிக்கலாமே" என்றார். "பொறுமையாச் சொல்லித்தான் அவ பேரைக் கெடுத்தேளா?" என்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏழு வீடு முடித்து வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மயிலையின் மணிச்சத்தம் கேட்டது. விஜயம் வாசலில் இருந்தாள். இன்னும் நாலு பேரும் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார்கள். ஒச்சம்மாள் தன் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மடியில் கை வைக்கவில்லை.

"ஒங்க பாத்திரம் எங்க, சாமி?"

பால் வாங்கிக்கொள்ளும் பாத்திரத்தை இவர் நீட்டினார்.

"கவுத்துக் காட்டுங்க. உள்ள தண்ணிய வச்சுக்கிட்டு, பெறகு என் பாலைச் சொல்லப்புடாதுல்ல?"

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. பி.ஏ. படித்த கை பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பியது. விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மண்ணில் விழுந்தது.

ஒச்சம்மாள் அந்த ஈரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொடச்சிட்டு வாங்க" என்றாள்.

இவர் உள்ளே போய்த் துடைத்துக்கொண்டு வந்தார்.