ஓரத்தில் நிற்கிற ஆள்

மருமகள் சோபா மெத்தைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்து அதில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வழிவிட்டார்கள். கூடத்தின் நடுவே மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வாசலுக்கு வந்தாயிற்று. இவள் இன்றைய பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கணவன் அவள் முழங்கையைப் பிடித்தான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் உதறிவிட்டு அலமாரிப் பக்கம் போனாள்.

மாமனார் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய் நாலு வருஷம். ஆனாலும் முதல் பக்கத்துக் கார்ட்டூனை மனுஷன் விடவில்லை. தினமும் காலையில் மருமகள் அதைச் சொல்ல வேண்டும், அதுவும் அவர் கேட்கிற வரிசையில். யார் பெரிசு, யார் சிறிசு, கையில் என்ன, யார் எங்கே பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "ம், மேல சொல்லு" என்பார். எழுதியிருப்பதைப் படிக்கவே விடமாட்டார். "எழுத்து ஏமாத்தும்மா. எவனைப் பெருசா வரைஞ்சிருக்கான்னு பாரு." அமைச்சரின் நாற்காலி போன வாரத்தைவிட ஒரு விரல் உயர்ந்திருந்தால் போதும், இன்ஜினைப் பிரித்துப் போட்டதுபோல அரை மணி நேரம் அலசுவார். தெருவில் அவருக்கு நீதிபதி என்றே பெயர்.

இன்று காலை அவளுக்கு அவசரம். தாமதமாக வருவதற்கு மேனேஜர் ஏற்கெனவே இரண்டு முறை கடுகடுத்திருந்தார். பாவி, இவள் பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். அமைச்சர் நாற்காலியில், கையில் மைக், ஜனங்கள் கீழே.

"ஓரத்துல யாரு?"

"யாரும் இல்ல மாமா."

அந்தக் கார்ட்டூன் ஓவியர் எதை வரைந்தாலும் மூலையில் துணிப்பையோடு ஓர் ஒல்லி ஆள் இருப்பான். ஒரு நாளும் தவறியதில்லை. மாமனார் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"அவன் இல்லாம இருக்க மாட்டானே. சரி, நீ கெளம்பு. சாயங்காலம் நிதானமாப் பாத்துச் சொல்லு."

கோபித்திருந்தால்கூடத் தேவலை. பதினொரு மணிக்கு ஆபீசுக்கு போன் வந்தது.

பேப்பர் சமையலறையில் கிடைத்தது. யாரோ கழுவிய டீ டம்ளர்களை அதன்மேல் கவிழ்த்திருந்தார்கள். அவற்றை அள்ளித் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் தூக்குகிறவர்கள் குனிந்துவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். கணவன் அவள் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான். பிறகு அவனே அவர்களைக் கையமர்த்தினான்.

மாமனாரின் காதருகே குனிந்து, வரிசை மாறாமல் சொன்னாள். பெரிசாக ஒரு பாலம். சின்னதாக அமைச்சர், கையில் கத்தரிக்கோல். எல்லாரும் ரிப்பனைப் பார்க்கிறார்கள். மூலை ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. கிழிந்துவிடாமல் நகத்தால் பிரித்தாள்.

"இருக்கான் மாமா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பாலத்துக்குக் கீழ தண்ணியில எறங்கி நடந்து போறான்."

சொல்லிவிட்டு, அவருடைய "ம்"முக்காக வழக்கம்போல நிறுத்தினாள். தூக்குகிறவர்களும் காத்திருந்தார்கள்.