பெரியவன்

“கையை எடும்மா! முன்னாடி பிடிக்கிறது மகன்தான். நம்ம குடும்பத்துல எப்பவும் அப்படித்தான்!”

“சித்தப்பா, நான்தான் மகன். வேணும்னா அப்பாவையே கேளுங்க.”

அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்தார். கேட்டாலும் சொல்கிற நிலையில் இல்லை. ஆனால் சந்து முழுக்கச் சாட்சி உண்டு. வெல்டிங் பட்டறையில் மூத்த மகளை அவர் ‘பெரியவன்’ என்றுதான் கூப்பிடுவார். “டேய் பெரியவனே, இரும்பு கேட்டைத் தூக்கிப் பிடிடா!” அவள் பிடிப்பாள், அவர் பற்றவைப்பார். பெண் கேட்டு வந்தவர்களை, “மகனைக் கட்டிக் குடுக்குற வழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க” என்று சிரித்தே அனுப்பிவைத்தார். அவளும் சிரித்தாள். எதிர்வீட்டு மாடியில் நாங்களும்தான்.

நிஜமான மகன், அவள் தம்பி, ஏசி ஆபீஸ்காரன். சட்டைக் கையை மடித்துவிடவே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

“நீயே சொல்லுடா. கடைசி வரைக்கும் அவரைத் தூக்கி உக்கார வச்சது யாரு?”

“நீதான்க்கா. ஆனா...” அவன் அம்மாவைப் பார்த்தான்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். “உங்கப்பாவே சொல்லிட்டுத்தான்டி போனாரு.”

“என்னன்னு?”

“‘சின்னவன் வந்ததும் தூக்குங்க. அவ முன்னாடி வந்தா விடாதீங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க’ன்னு.”

அவள் மெதுவாகக் கேட்டாள்: “‘அவ’ன்னா சொன்னாரு? ‘அவன்’னு இல்லியா?”

அம்மா தரையைப் பார்த்தாள். இந்த நேரத்தில் என்ன இலக்கணம் என்பதுபோல் சித்தப்பா வாட்சைப் பார்த்தார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பெட்டி எழும்பியதும் தம்பி பக்கம் சரிந்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் கை தானாக நீண்டது. பாதியில் நின்று, பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

அடுத்த வருஷம் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. அம்மா அவனோடு போய்விட்டாள். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. அவள் வேறு ஊருக்குப் போய் ஒரு கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்துவிட்டாள். அங்கே அவளைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் சந்துப் பால்காரர் சொன்னார்: பொறி பட்டுவிடும் என்று சின்ன வயதிலிருந்தே அப்பா உட்காரவைத்து ஒட்ட வெட்டிவிடுவாரே, அந்த முடி இப்போது தோளுக்குக் கீழே வந்துவிட்டதாம். பின்னத் தெரியாமல், ஒரு துண்டு வயரால் கட்டியிருந்தாளாம்.