பிரித்துத் தைத்த கோட்

மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் தையல்காரி தேயா. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில், பைக்கு மேலே, நீல நூலால் பெயர் தைப்பது அவள் வேலை. சிறுநீரக டாக்டருக்கென்று ஒதுக்கிய கோட்டில் மட்டும் மூன்று பெயர் தைத்து, மூன்றையும் பிரித்துவிட்டாள். முதல் மகராசன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு ஜெர்மனிக்குப் பறந்தார். இரண்டாமவர் குடியிருக்கக் கொடுத்த வீட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். மூன்றாமவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார், அதுவே பெரிய விஷயம்.

டாக்டர் இல்லாததால் டயாலிசிஸ் மெஷின்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. தேயாவின் புருஷன் கோஸ்தாகே திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் வேனில் தூரத்து யாஷ் நகரத்துக்குப் போய்த்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். விடியுமுன் கிளம்பினால் சாயங்காலம் வருவார், வந்ததும் கட்டிலில் விழுவார். இங்கேயே மெஷின் ஓடினால் காலையில் முடித்து மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். அவள் ஒன்றும் ராஜவாழ்வுக்கு ஏங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்து, சூடாகச் சோளக்களி சாப்பிட வேண்டும். இரண்டு வருஷமாக அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

பிப்ரவரியில் நாலாவதாக ஒட்டிலியா என்ற டாக்டரம்மா வந்தாள். இரண்டு மாதம் தற்காலிகம். நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின்களை ஓட்ட அனுமதி.

“ஏன்டி, பேர் தைக்கலையா?” என்றாள் கூட வேலை பார்க்கும் சாஃப்தா.

“மாட்டேன். நான் தச்சாலே ஓடிடுறாங்க. என் கைராசி அப்படி.”

“அடி போடி! உன் ஊசிக்குப் பயந்தா ஜெர்மனிக்கு ஓடுனாரு?”

தேயா கேட்கவில்லை. கோட் வெறுமனே போனது. ஒவ்வொரு சாயங்காலமும் அழுக்கு மூட்டையில் அதைத்தான் முதலில் தேடுவாள். கறையோடு கிடந்தால், அப்பாடா, இன்றைக்கும் இருக்கிறாள்.

மார்ச் கடைசியில் டாக்டரம்மாவே கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“அக்கா, எல்லாருக்கும் பேர் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. நான் இங்க வேண்டாத ஆளா? க்ளூஜ் ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்க, அங்கயே போயிடலாம்னு இருக்கேன்.”

தேயா ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பாவி, நானே விரட்டிவிட்டேனே! கோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பைக்கு மேலே வரிசையாகப் பொடிப்பொடி ஓட்டை.

“இதெல்லாம் நான் தச்ச பேருங்கம்மா. ஒருத்தரும் தங்கல. நீங்களாவது தங்கணும்னுதான் தைக்காம விட்டேன். என் வீட்டுக்காரர் வேன்லயே பாதியாயிட்டாரும்மா.” தேயா அழுதுவிட்டாள்.

டாக்டரம்மா கோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு நாள் மூட்டையில் அந்தக் கோட் வரவில்லை. தேயாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், புதன்கிழமை, மூட்டையின் அடியில் கிடைத்தது. பைக்கு மேலே, காயம் தைக்கிற கறுப்பு நூலால், கோணல்மாணலாக ‘ஒட்டிலியா’ என்றிருந்தது.

“காலையில நிரந்தரமா கையெழுத்துப் போட்டாச்சாம்,” என்றாள் சாஃப்தா. “ஐயே, என்ன தையல் இது! குடு, பிரிச்சு நீ நல்லாத் தச்சுக் குடு.”

“தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!”

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் யாஷிலிருந்து திரும்பும் வேனில் இருந்தார்.

“ஏங்க, திங்கக்கிழமை மத்தியானம் சோளக்களி கிண்டட்டுமா?”

“எந்தத் திங்கக்கிழமைடி? நான் எங்க வீட்ல இருக்கப்போறேன்?”

“இனிமே எல்லாத் திங்கக்கிழமையும்,” என்றாள்.