சம்பந்திகள் ஏறிய சிகரம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மலை ஏறுவதில் கொள்கை அளவிலேயே உடன்பாடு கிடையாது. இருபத்தாறு வருடமாக அவர் பார்த்துவரும் உத்தியோகமே, மனிதர்களைப் படி ஏறவிடாமல் காப்பாற்றுவதுதான். தலைநகரத்தில் ஓடுகிற லிஃப்டுகளில் பாதி அவர் கைபட்டவை. உயரத்துக்குப் போவதென்றால் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனால் ஊருக்கே மலைப் பைத்தியம் பிடித்திருந்தது. நகரத்தைச் சுற்றி ஏழு சிகரங்கள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். திங்கட்கிழமை காலையில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் "நேத்து எந்த சிகரம்?" என்பதுதான் முதல் விசாரிப்பு. எதுவும் ஏறாதவர்கள் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் அவர் மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். பையனின் அப்பா பல் டாக்டர். பையனோடு அவரும் அவர் மனைவியும் பேசிப் போக வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் பஸ் நெரிசலைப் பற்றியும் பேசியது பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. எல்லோரும் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன பண்ணுவீங்க சம்பந்தி?" என்று கேட்டார் பல் டாக்டர்.

தூங்குவேன் என்று உண்மையைச் சொல்ல மெக்கானிக் வாயெடுத்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அப்பா மலைக்கெல்லாம் போவாரு அங்கிள். மூணாவது சிகரத்து உச்சிக்கே போயிருக்காரு."

அது பொய்யில்லை. எட்டு வருடத்துக்கு முன் அங்கே ரோப் கார் மோட்டார் எரிந்துபோனபோது, புது மோட்டாரோடு சேர்த்து அவரையும் சரக்குப் பெட்டியில் ஏற்றி அனுப்பினார்கள். போனார், மாட்டினார், வந்தார். வழியெல்லாம் கண்ணைத் திறக்கவில்லை.

"நானும் மலைக்காரன்தான். மூணு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்ல" என்றார் பல் டாக்டர், குரலைக் கொஞ்சம் இறக்கி.

"அப்போ நாலு பேரும் ஒருநாள் சேர்ந்தே போலாமே. அங்கேயே கல்யாண விஷயத்தையும் பேசிக்கலாம்" என்றாள் டாக்டரின் மனைவி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. மெக்கானிக் மகளை முறைத்தார்.

பதினைந்து நாள் அவகாசம் கிடைத்தது. ஏழில் ஆகக் குட்டையான சிகரம்தான், ஆனாலும் ஏற நாலு மணி நேரம். மெக்கானிக் பயிற்சியில் இறங்கினார். மாதப் பராமரிப்புக்குப் போகும் பதினான்கு மாடிக் குடியிருப்பில், வேலை முடிந்ததும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். முதல் நாள் ஆறாவது மாடியில் நாக்குத் தள்ளிற்று. நான்காம் நாள் ஒன்பதாவது மாடிவரை வந்தார். அங்கே ஒரு அம்மாள் கதவைத் திறந்து, லிஃப்ட் மெக்கானிக் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்தார்.

அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் லிஃப்டில் கால் வைக்கவில்லை. காய்கறிப் பையும் தண்ணீர்க் கேனுமாக மொத்தக் குடியிருப்பும் படியில் ஏறி இறங்கியது. குடியிருப்புச் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

"அதை ரிப்பேர் பண்றவரே அதுல ஏற மாட்டேங்கறாருன்னா, நாங்க எப்படிங்க ஏறுறது?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு சார். நான் உடம்புக்காக ஏறினேன்."

"உடம்புக்காகன்னா? உசுருக்கு ஆபத்துன்னுதானே அர்த்தம்?"

கடைசியில் மெக்கானிக், பீதியில் இருந்தவர்கள் நம்பும்வரை, அந்த லிஃப்டிலேயே பதினோரு தடவை மேலும் கீழும் போய்க்காட்ட வேண்டியிருந்தது. அத்தோடு பயிற்சியும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்தில் இறங்கினார்கள். அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் இருந்த பை மெக்கானிக்கின் முதுகில். பெண்கள் இருவரும் சாதாரணச் செருப்பில் வந்திருந்தார்கள். "நாங்க கொஞ்ச தூரம் நடந்துட்டுத் திரும்பிடுறோம். நீங்க உச்சிக்குப் போயிட்டு வாங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தார்கள். முதல் அரைமணி நேரம் மரியாதையில் கழிந்தது.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க போங்க. நீங்கதான் அனுபவஸ்தர்."

"அனுபவம்னா உங்களைவிடவா?"

இப்படி நின்று நின்று உபசரித்துக்கொண்டதில் மூச்சு சமனப்பட்டது. மரியாதையில் இவ்வளவு இளைப்பாறல் இருப்பது மெக்கானிக்குக்கு அதுவரை தெரியாது. அது தீர்ந்ததும் பல் டாக்டர் இயற்கையை ரசிக்க ஆரம்பித்தார். வழியில் இருந்த ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்தார். எழுந்திருக்க ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் ஆயிற்று. மெக்கானிக் பாறைகளைத் தட்டிப் பார்த்து "நல்ல கல்லு" என்றார்.

பெண்கள் இருவரும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். மெக்கானிக்கின் மனைவி தன் நாத்தனார் ஒரு மாதம் வந்து தங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரின் மனைவி "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். பேச்சு சுவாரசியத்தில் இருவருக்கும் மேடு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரு வளைவில் திரும்பி மறைந்தார்கள். குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு தகரக் கொட்டகை வந்தது. உள்ளே ஒரு பெஞ்சு. வெளியே, உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் என்று அம்புக்குறி போட்ட பலகை. நாலு மணி நேர மலையில் ஒன்றரை மணி நேரம் நடந்தும் பாக்கி மூன்று எப்படி வரும் என்று இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். அப்படியே பெஞ்சில் சரிந்தார்கள்.

பல் டாக்டர் காலை நீட்டினார். மேல் பக்கமெல்லாம் காய்ந்த சேறு அப்பிய, பார்த்தாலே பயமுறுத்துகிற மலையேற்ற பூட்ஸ். மெக்கானிக்கின் கண் அதன் அடிப்பாகத்துக்குப் போயிற்று. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு கசங்காமல் இருந்தது.

"சம்பந்தி, பூட்ஸு புதுசா?"

"மூணு வருஷம் ஆச்சு."

"அடியில விலை ஒட்டியிருக்கே."

டாக்டர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. தொலைவில் தெரிந்த நகரத்தைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் இதுவரைக்கும் ஒரு மலையும் ஏறினதில்ல. ஞாயித்துக்கிழமை கிளினிக்குக்குப் போயிடுவேன். பேஷண்ட் உக்காருற நாற்காலியச் சாய்ச்சுவிட்டு, மத்தியானம் வரைக்கும் தூங்குவேன். கிளம்பறப்போ வாசல்ல இருக்கற பூந்தொட்டி மண்ணைக் கொழைச்சு பூட்ஸ்ல தடவிக்குவேன்."

"ஏன் டாக்டர், வீட்டுலயே தூங்கலாமே?"

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல தூங்கிப் பாத்திருக்கீங்களா? பரணை ஒழிக்கச் சொல்லுவா."

மெக்கானிக்குக்கு அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவரும் மோட்டார், சரக்குப் பெட்டி, மூடிய கண் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டாக்டர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். சோபாவில் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருந்தாலும் இந்த நெருக்கம் வந்திருக்காது.

பெண்கள் இப்போது திரும்பிவிடுவார்கள், அவர்களோடு சேர்ந்து இறங்கிவிடலாம், முட்டி வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. யாருடைய முட்டி என்பதில் மட்டும் சிறு தகராறு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாலாயிற்று. பெண்கள் வரவில்லை. டாக்டர் எழுந்து எழுந்து வளைவைப் பார்த்தார். போன் போட்டால் கிடைக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தேடிப் போவதென்றாலோ மேலே ஏற வேண்டும்.

அந்த நேரத்தில் மேலிருந்து கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள்.

"வழியில ரெண்டு அம்மாவைப் பாத்தீங்களாம்மா? சாதாரண செருப்பு போட்டிருப்பாங்க."

"உச்சியில இருக்காங்களே அங்கிள். எங்ககிட்டதான் போட்டோ எடுக்கச் சொன்னாங்க. எங்களையெல்லாம் தாண்டிப் போனாங்க" என்றாள் ஒருத்தி.

அவர்கள் போனபின் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பையைத் திறந்தார்கள். கவலையில் ஆரம்பித்த சாப்பாடு, அவமானத்தில் தொடர்ந்து, நாலு பேருக்கான முட்டையும் தீர்ந்த பிறகுதான் நின்றது.

பிற்பகல் இரண்டரைக்குப் பெண்கள் வந்தார்கள். முகம் சிவந்து, கூந்தல் கலைந்து, இன்னும் பேச்சு முடியாமல்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "மண்டபம் ஆத்தங்கரை ரோட்டுல இருக்கறது. அடுத்த மாசம் கடைசி ஞாயிறு. ரெண்டு பக்கமும் சேர்த்து இருநூறு பேர். பொண்ணும் மாப்பிள்ளையும் தனி வீடு பாத்துக்கட்டும்."

"அதெப்படி எங்களைக் கேக்காம?" என்று விறைத்தார் பல் டாக்டர்.

"மேல வந்திருந்தா கேட்டிருப்போம்" என்றாள் அவர் மனைவி. "முட்டை எங்கே?"

திரும்பும் பஸ்ஸில் மெக்கானிக்கும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி, கொப்புளம் போட்ட காலைத் தேய்த்துக்கொண்டே அவர் காதோரம் சொன்னாள். "டாக்டர் ஞாயித்துக்கிழமை எங்க போறாருன்னு சம்பந்தியம்மாவுக்கு முதல் வாரமே தெரியுமாம். வீடு அமைதியா இருக்குன்னு விட்டுட்டாங்களாம். இந்த மலையே அவர வம்பிழுக்கத்தான் சொன்னாங்களாம்."

"அப்போ நான் மாட்டினது?"

"நீங்க சும்மா நடுவுல வந்தீங்க."

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். உச்சிப் பாறைமேல் இரண்டு பெண்கள். பின்னால், கீழே எங்கோ, நகரம் முழுவதும். காற்று சேலைத் தலைப்பைத் தூக்கி அடிக்க, அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"அடுத்த ஞாயிறு ரெண்டாவது சிகரம் போறோம், நானும் அவங்களும்" என்றாள், அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடி. "சாப்பாட்டை நாங்களே வச்சுக்கறோம்."

"சரி" என்றார் மெக்கானிக். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்காமல், அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.